கன்னிக்காலுக்குப் பொன் பூசிய கதை

போன கிழமை அக்காவின் மகள் கனடாவிலிருந்து வந்து இறங்கினாள். தன் கலியாணத்துக்காக வந்தவள். பெட்டியைத் திறந்ததும் சேலைகளுக்கு முன்னால் ஒரு பட்டியல் வெளியே வந்தது. தங்க நிற ஸ்பிறே பெயின்ற் ஆறு ரின், வெள்ளி நான்கு, வெள்ளை இரண்டு. விமானத்தில் அவற்றை ஏற்ற விடமாட்டார்கள் என்பதால் பட்டியல் மட்டும் பறந்து வந்திருந்தது.

"சித்தி, எல்லாம் பத்துப் பத்து நிமிச வேலை. வீடியோவிலை பாத்து வைச்சிருக்கிறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறாள் பிள்ளை. மறுநாள் காலை வீட்டு வளவில் பழைய பத்திரிகைகளை விரித்து, போத்தல்களையும் யோகட் கப்புகளையும் வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, கடையில் வாங்கி வந்த ஒரு ரின்னைக் கையில் எடுத்துக் குலுக்கினேன். உள்ளே கிடக்கிற குண்டு கடகடவென்று உருண்டது. முதல் சீறலோடு அந்த மணம் மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அந்த மணம் புதுச் சைக்கிளை ஞாபகப்படுத்தும், மோட்டார் கராஜை ஞாபகப்படுத்தும். எனக்கு ஆடு ஞாபகம் வருகிறது. விசர் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், ஆட்டிடம் வருகிறேன்.

என் முதல் ரின் தங்க நிறம். சண்டை ஓய்ந்து பாதை திறந்து, கொழும்பிலிருந்து சாமான் லொறிகள் ஒழுங்காக வரத் தொடங்கிய காலம் அது. அதற்கு முன்னர் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற ஊர் எங்களுடையது. அழுத்தினால் சீறிக்கொண்டு வருகிற வர்ணத்தை நாங்கள் எங்கே கண்டோம்? எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. உடுவில் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கத் தொடங்கி மூன்று மாதம். பிள்ளைகளுக்குக் கைவேலைக்கு ஏதாவது கிடைக்குமா என்று யாழ்ப்பாண நகரத்தில் ஓர் இரும்புக்கடைக்குள் நுழைந்தபோது தட்டில் அது நின்றது.

"தங்கச்சி, உது சைக்கிளுக்கு அடிக்கிறது" என்றார் கடைக்காரர்.

"எனக்கு ஊமலுக்கு அடிக்க வேணும் அண்ணை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவரில் பிழையில்லை. ஊமல் என்பது பனங்கொட்டையைப் பிளந்து உள்ளிருக்கிற பூரான் என்கிற வெள்ளைப் பருப்பைத் தின்ற பிறகு மிஞ்சுகிற ஓடு. அடுப்புக்குள் போடுகிற சாமான். அதற்குப் பொன் பூசப் போகிறேன் என்று ஒருத்தி வந்து நின்றால் யார்தான் நம்புவது?

ஆனால் அந்த ஊமலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு பாதியைக் கவிழ்த்துத் தங்கம் அடித்து, இரண்டு குன்றிமணிகளைக் கண்ணாக ஒட்டினால் ஆமை. நிமிர்த்தி வைத்து ஒரு ஈர்க்கும் ஒரு துண்டுக் கடதாசியும் குத்தினால் பாய்க்கப்பல். பால்மா ரின்னுக்கு அடித்தால் பூச்சாடி. வெள்ளை மட்டையில் ஒரு வேப்பங்கொத்தைப் படுக்கவைத்து மேலால் அடித்துவிட்டுக் கொத்தைத் தூக்கினால், பொன் நடுவில் வெள்ளை வேப்பிலை ஒவ்வொரு பல்லும் தெரியக் கிடக்கும். செய்ய ஐந்து நிமிடம், காயப் பத்து நிமிடம், பெருமையடிக்க ஒரு கிழமை. ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டும், ஓரிடத்தில் நிற்காமல் கையை ஓட்ட வேண்டும், ஒரே தரத்தில் தடிப்பாக அடிக்கக் கூடாது. இந்த மூன்றையும் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நாலாவது விதியைக் கோழி சொல்லித் தந்தது. சோளகக் காற்று எழும்புவதற்கு முன் காலையிலேயே வேலையை முடித்துவிட வேண்டும். நான் முடிக்கவில்லை. காற்றுப் போன பக்கம் கோழியும் போனது. ஒரு மாதம் வரை எங்கள் வளவில் ஒரு பொன்வால் கோழி மேய்ந்து திரிந்தது.

"காலமை எழும்பினால் இந்த வீட்டிலை எது என்ன நிறத்திலை கிடக்குமோ தெரியாது" என்பார் அம்மா. ஆனால் வருகிற போகிறவர்களுக்கெல்லாம் ஆமையை எடுத்துக் காட்டுவதும் அவர்தான்.

அந்த ஆவணியில்தான் அக்காவுக்குக் கலியாணம் சரிவந்தது. அக்காவுக்கு முப்பத்துமூன்று. இரண்டு சம்பந்தம் பேச்சோடு நின்றுபோனது. ஒன்று பொருத்தத்தில் தட்டுப்பட்டது, மற்றது இடப்பெயர்வில் எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை. அப்பா இல்லாத வீடு. அம்மா ஒற்றை ஆளாக அலைந்து பிடித்த மாப்பிள்ளை அளவெட்டியில் ஒரு கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை. அத்தான் தங்கமான மனிதர். அவருடைய அம்மாவும் நல்லவர்தான், ஆனால் எதையும் ஒருக்கால் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்.

எங்கள் பக்கத்துக் கலியாணத்தில் கன்னிக்கால் ஊன்றுவது தெரியும்தானே. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கலியாணத்துக்குச் சில நாட்களுக்கு முன் நல்ல நேரம் பார்த்து, இரண்டு வீட்டிலும் ஈசான மூலையில் ஒரு முள்முருக்கந்தடியை நடுவார்கள். உச்சியில் மாவிலை கட்டி, மஞ்சள் துணியில் காசு முடிந்து, சுமங்கலிப் பெண்கள் பாலும் தண்ணீரும் விடுவார்கள். ஊன்றிய பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டு வாசல் படலை தாண்டக் கூடாது. தடி வேர்விட்டுத் துளிர்த்தால் அந்தக் குடும்பம் தழைக்கும் என்பது நம்பிக்கை. அம்மாவின் கன்னிக்கால் பெரிய மரமாகி நின்ற காணி அப்போது இராணுவத்தின் முட்கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தது. நாங்கள் இருந்தது உறவினர் ஒருவர் எழுதித் தந்த சின்ன வளவு.

அக்காவின் கன்னிக்கால் மதிலோடு ஒட்டினாற்போல் நடப்பட்டது. ஈசான மூலையில் வேறு இடமில்லை. மாமியும் இன்னும் நாலு பேரும் சுற்றி நின்று தண்ணீர் விட்டார்கள். அம்மா குசினி வாசலில், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைம்பெண் என்பதால் கிட்ட வரக் கூடாது. ஒருவரும் அவரை வரவேண்டாம் என்று சொல்லவில்லை, அவராகவே நின்றுகொண்டார். எனக்கு அது ஒரு விசயமாகவே தெரியவில்லை. வீடியோக்காரர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதில்தான் என் கண் இருந்தது. இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் விடியற்காலையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுபோய்த் தடியின் அடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வெய்யிலுக்குக் காஞ்சு போமெல்லோ" என்றார், நான் ஏதோ கேட்டுவிட்டதுபோல. சடங்கில் தொட முடியாததை அவர் விடியலில் தொட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அது அவருடைய வேலையாயிற்று.

இனி என்னுடைய கெட்டித்தனத்தைக் கேளுங்கள். பந்தல் போட்டாயிற்று. மணவறை என்னுடைய கைவேலை, தங்கமும் வெள்ளியுமாக மின்னியது. நிறைகுட மேசையைச் சுற்றித் தங்க ஊமல்கள். எல்லாம் சரி, அந்த மூலையில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு முள்ளுத்தடி, நோஞ்சானாக. வீடியோவில் எப்படி விழும்? அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து ரின்னைக் குலுக்கினேன். மாவிலையையும் துணியையும் கையால் பொத்திக்கொண்டு மேலிருந்து கீழ்வரை அடித்தேன். முன்பக்கமும் இரண்டு விலாவும் முடிந்தன. பின்பக்கம் மதில் இடித்தது, கை போகவில்லை, ரின்னும் புஸ்ஸென்று முடிந்துவிட்டது. கமராவுக்குப் பின்பக்கம் எதற்கு என்று விட்டுவிட்டேன். தள்ளி நின்று பார்த்தேன். சத்தியமாக, வடிவாகத்தான் இருந்தது.

யன்னலுக்குள் இருந்து அக்காவின் குரல் வந்தது. "சின்னவள், மிச்சமிருந்தா என்ரை தலையிலையும் ஒருக்கா அடிச்சுவிடன். நரை தெரியுது."

அம்மா வந்தார். படலையடியிலேயே நின்றார்.

"அம்மாளாச்சி! உதை ஆர் செய்தது?"

"நான்தானம்மா. வடிவாயில்லையோ?"

"பச்சைத் தடியடி அது! மேலெல்லாம் உப்பிடிப் பூசினால் அது மூச்சு விடுறதெப்பிடி?"

அந்தக் கேள்வி எனக்கு உறைக்கவேயில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிடலாம் என்றேன். அதைக் கேட்டு அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். அக்காதான் உள்ளே இருந்தபடி தீர்ப்புச் சொன்னாள். "விடுங்கோ அம்மா. பூசினது பூசினதுதான். நிக்கிறதெண்டால் நிக்கும்." முப்பத்துமூன்று வயது வரை காத்திருந்தவளுக்கு அந்த அளவு நிதானம் இருந்தது.

கலியாணம் சிறப்பாக நடந்தது. வீடியோவில் கன்னிக்கால் வந்தவர்களையெல்லாம் விட மினுங்கியது. மாப்பிள்ளையின் அம்மா அதைச் சுற்றிப் பார்த்தார், விரலால் ஒருதரம் சுரண்டினார், விரலையும் பார்த்தார்.

"என்ன, கன்னிக்காலுக்கும் நகை போட்டிருக்கிறியளோ?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "துளிர்க்கட்டும், பாப்பம்" என்றார்.

அந்தப் பாப்பத்தோடு அவர் போய்விடவில்லை. எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் பவளக்கா வீட்டில் இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதற்கு அளவெட்டியிலிருந்து அழைப்பு வரும். முதலாம் கிழமை, துளிர்த்துவிட்டதா? இரண்டாம் கிழமை, எங்கடை வீட்டுத்தடி துளிர்த்திட்டுது. மூன்றாம் கிழமை, எங்கடையது குடை மாதிரி நிக்குது, அங்கை என்ன மாதிரி? பவளக்கா இதை மதிலுக்கு மேலால் உரத்துச் சொல்லுவார். அந்த ஒழுங்கையில் கேட்காதவர்கள் இல்லை.

நான் ஒவ்வொரு நாளும் முன்பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் தடியைப் பார்ப்பேன். பொன் அப்படியே இருந்தது. ஒரு முளையும் இல்லை. நான் எவ்வளவு நல்ல பெயின்ற் வாங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அக்கா ஒருமுறை வந்தபோது, அங்கே அவளுக்கு என்ன பேச்சு விழுகிறது என்று நான் கேட்டேன். "ஒண்டும் சொல்லமாட்டினம். சாப்பாடு போடேக்கை மட்டும் பெருமூச்சு விடுவினம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

நாலாம் கிழமை ஒரு நாள் காலையில் செம்பு குசினியில் கவிழ்ந்து கிடந்தது. அடுத்த நாளும் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் அம்மாவைக் கேட்டேன், தண்ணீர் விடவில்லையா என்று.

அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ரை கை படக்கூடாததெண்டு தெரிஞ்சும் விட்டனான். அதுதான் பட்டுப்போச்சு. இனிமேலாவது படாமல் இருக்கட்டும்."

இவ்வளவு நாளும் அவர் என்னைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். திட்டியிருந்தால் நல்லது. தடியை மூச்சடைக்கப் பூசியவள் நான். பழியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு தேங்காய் திருவுகிறவர் அவர்.

"அம்மா, பெயின்ற் அடிச்சது நான். பிழை என்ரை. நீங்கள் விட்டது தண்ணி. தண்ணி விட்டது குற்றமெண்டால் இந்த ஊரிலை ஒரு மரமும் நிண்டிராது."

"உனக்கு உதுகள் விளங்காது."

"விளங்காமல் போகட்டும். நாளைக்கு நீங்கள் தண்ணி விடேல்லையெண்டால் நான் அளவெட்டிக்குப் போய் அந்த மனுசியிட்டையே சொல்லுவன், நான்தான் அதைச் சாகடிச்சனானெண்டு."

வீம்புக்குச் சொன்னதில்லை. போயிருப்பேன். அந்த வயதில் எனக்கு எதற்கும் துணிவிருந்தது, மன்னிப்புக் கேட்பதற்கு மட்டும் இல்லை. அன்றைக்கு அதுவும் வந்தது. அம்மா திருவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அவர் பதில் சொல்வதற்குள் மதிலடியில் ஒரே அமளி.

பவளக்காவின் குரல். "ஏய், இறங்கு! இறங்கு சனியனே! ஐயோ, அவை என்னைக் கொல்லப் போயினம்!"

இரண்டு பேரும் ஓடினோம். பவளக்காவின் மறியாடு அந்தப் பக்கமிருந்து முன்னங்கால் இரண்டையும் மதிலில் போட்டுக்கொண்டு, கழுத்தை எங்கள் பக்கம் நீட்டி, ஆறுதலாகச் சப்பிக்கொண்டிருந்தது. வாயின் ஓரத்தில் பச்சையாக ஏதோ தொங்கியது. முள்முருக்கங்குழை என்றால் ஆட்டுக்கு உயிர் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா மதிலுக்கும் தடிக்கும் நடுவில் முகத்தை நுழைத்துப் பார்த்தார். என் பெயின்ற் எட்டாத பின்பக்கம். அங்கே சாம்பல் தோலைப் பிளந்துகொண்டு மூன்று இடத்தில் துளிர். ஒன்றை ஆடு முடித்துவிட்டது. மற்ற இரண்டும் விரல் நீளத்துக்கு, ஒவ்வொன்றிலும் மும்மூன்று இலையாக நின்றன. நாங்கள் எல்லோரும் பொன் பூசிய பக்கத்தையே பார்த்து ஏங்கிக்கொண்டிருக்க, அது மதிலைப் பார்த்தபடி தன் பாட்டில் துளிர்த்திருக்கிறது.

அம்மா ஆட்டை அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கையால் அதன் நெற்றியைத் தடவினார். பிறகு வாய்விட்டு அழுதார். அப்பாவின் செத்தவீட்டுக்குப் பிறகு அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது, ஆனால் பவளக்காவுக்கு முன்னால் அழுவதா என்று அடக்கிக்கொண்டேன்.

அழுது முடித்து முகம் கழுவி, நெற்றிக்குத் திருநீறு பூசி, பவளக்கா வீட்டுக்குப் போய்த் தானே தொலைபேசியை எடுத்தார். அம்மாவாக அளவெட்டிக்கு எடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அதுவரை அவர்கள் கேட்பார்கள், நாங்கள் பதில் சொல்லுவோம்.

"ஓம், நான்தான் கதைக்கிறன். ஓம், துளிர்த்திட்டுது. ஓமோம், வடிவாப் பாத்துத்தான் சொல்லுறன். எங்களுக்கு முதல் ஆடு திண்டு பாத்திட்டுது."

அதற்குப் பிறகு அங்கே பெருமூச்சு நின்றுவிட்டது என்று அக்கா சொன்னாள். அடுத்த விடியலில் செம்புத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நான் எழும்பிப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

தடி மரமாயிற்று. மரம் பருக்கப் பருக்க என் பொன் கீலங்கீலமாக வெடித்து, நடுவில் புதுத்தோல் தெரிந்து, ஐந்தாறு வருடத்தில் காணாமல் போனது. பங்குனியில் சிவப்பாகப் பூக்கும். பவளக்காவின் ஆட்டுக்கும் அதன் குட்டிகளுக்கும் குழை அங்கேயிருந்துதான். "தின்னட்டும், அது கண்டுபிடிச்ச மரம்" என்பார் அம்மா. அக்காவும் அத்தானும் பிறகு கனடாவுக்குப் போனார்கள். அங்கிருந்து கதைக்கும்போதெல்லாம் மரம் எப்படி இருக்கிறது என்று ஒரு கேள்வி வரும். அம்மா காலமாகி அடுத்த வருடம் ஒழுங்கையை அகலமாக்கித் தார் போட்டார்கள். மதிலும் மூலையும் மரமும் போயின. நான்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஊருக்குப் பாதை வேண்டும்தானே.

இந்தக் கதையையெல்லாம் யோகட் கப்புகள் காயும்வரை அக்காவின் மகளுக்குச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப அந்த மரம் எங்கை சித்தி நிண்டது?" என்றாள். படலைக்கு வெளியே காட்டினேன். ஒரு மோட்டார் சைக்கிள் அந்த இடத்தால் போனது.

பின்னேரம் மண்டபத்துக்கு அலங்காரம் செய்கிறவர்கள் ஒரு வான் வண்டியில் சாமானை எங்களுக்குக் காட்டக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதில் கன்னிக்காலும் இருந்தது. பெயின்ற் வாளிக்குள் சீமெந்து போட்டு நிறுத்திய பிளாஸ்ரிக் குழாய், உச்சியில் துணியில் செய்த மாவிலை. மண்டபத்தில் மாபிள் தரை, எங்கே தோண்டுவது? கலியாணம் முடிய வந்த வண்டியிலேயே திரும்பிப் போய் அடுத்த மண்டபத்தில் நிற்கும். குறை சொல்ல எனக்கு வாயில்லை. பச்சைத்தடிக்குப் பொன் பூசிக் காட்டியவளே நான்தானே.

"சித்தி, இது வெள்ளையாக் கிடக்கு, மணவறையோடை பொருந்தாது. இதுக்கும் ஒருக்கா தங்கம் அடிச்சுவிடுங்கோவன். முன்பக்கம் மட்டும் போதும், பின்பக்கம் கமராவிலை விழாது."

குலுக்கினேன். ஒரு முழம் தள்ளிப் பிடித்து, நிற்காமல் கையை ஓட்டி, முன்பக்கம் அடித்தேன். பிறகு சுற்றிப் போய்ப் பின்பக்கமும் அடித்தேன், ஒரு நூல் இடைவெளி விடாமல்.

"ஏன் சித்தி வீணா மினக்கெடுறீங்கள்?"

"இதிலை மூச்சு விடுறதுக்கு ஒண்டும் இல்லையடி" என்றேன்.

பத்து நிமிடத்தில் காய்ந்துவிட்டது. விடியற்காலையில் செம்போடு ஒருவரும் எழும்பி வரத் தேவையில்லை.